மேழி யார் கையில் இருந்தது?



டிராக்டர் வந்ததால்தான் பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று காவிரி டெல்டாவில் சிலர் சொல்வார்கள். டிராக்டர் வந்துதான் சேரியின் வேலையைப் பறித்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் இயந்திரம் இருக்கிறது, நிலம் இல்லை. இந்த நினைவுரையில் நாம் நிலத்தையும் சேர்த்துப் பேசுவோம்.

முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தீண்டாச்சேரி, பறைச்சேரி, உழப்பறையர் என்ற சொற்கள் வருகின்றன. உழுத மக்களின் பெயரிலேயே உழவு இருந்திருக்கிறது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசும் சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் அமைப்போ நிலமுடையவர்களுடையது. மேழி அவர்களுக்குச் சின்னம். நம் முன்னோருக்கு அன்றாட வேலை.

அந்த வேலை எப்படிப்பட்டது? மரக்கலப்பை மண்ணைப் புரட்டாது, கீறிக்கொண்டு போகும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் நிற்கும். எனவே குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை உழவேண்டும். ஒரு சோடி மாடு ஒரு நாளில் ஓர் ஏக்கரைத் தாண்டுவது அரிது. ஆற்றில் தண்ணீர் வந்த சில வாரங்களுக்குள் மொத்த நிலமும் நாற்று நடும் பதத்தில் சேறாகிவிட வேண்டும். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பல வேலி வைத்திருந்த மிராசுதாருக்குப் பல ஏர் தேவை. ஏருக்கு ஓர் ஆள், அதுவும் மறுத்துப் பேச முடியாத ஆள் தேவை. கடனும், மிராசுதாரின் மனையில் போட்ட குடிசையும், சாட்டையடியும், சாணிப்பாலும் அந்த ஆளைக் கட்டிவைத்தன.

1940களில் செங்கொடிச் சங்கம் இந்தக் கட்டுகளை எதிர்த்து எழுந்தது. 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி விலக்குவதற்கு அது தடை போட்டது. நிலவுடைமையாளர்கள் பண்ணையாள் என்ற உறவையே கைவிட்டு, அதே மனிதர்களைத் தினக்கூலிகளாக வைத்துக்கொண்டார்கள். டிராக்டர் பரவலாகும் முன்பே நடந்த மாற்றம் இது.

1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல்லும் வந்தது. குறுவையை அறுத்த கையோடு தாளடிக்கு உழவேண்டிய அவசரம் கூடியது. அந்த அவசரம்தான் கூலி கேட்பவரின் பலமும். கூலி உயர்வு கேட்டதற்கும், வெளியூர் ஆட்களை இறக்கியதை எதிர்த்ததற்கும் விலையாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஒரு சோடி மாடு நாள் முழுதும் உழுவதை ஒரு மணி நேரத்தையொட்டி முடித்துவிடும் டிராக்டரை இந்த வரலாற்றோடு வைத்தே நாம் பார்க்கவேண்டும். சங்கம் சேராத ஆளைத் தேடியவர்களுக்குச் சங்கமே சேரமுடியாத ஏர் கிடைத்தது.

1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. டிராக்டருக்குக் கடன் கிடைத்தது; ஆனால் அடமானமாக நிலத்தைக் கேட்டார்கள். 1971-இன் குடியிருப்புச் சட்டம் குடிசை இருந்த மனையை நமக்குச் சொந்தமாக்கியது. உழும் நிலம் அதில் சேரவில்லை. எனவே நம் பிள்ளைகள் ஓட்டுநர் இருக்கைக்குப் போனார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கியவர் வண்டியை உடையவர். ஐந்து கலப்பையோ ஒன்பது கலப்பையோ, டிராக்டர் திரும்பமுடியாத மூலையை மண்வெட்டியால் கொத்துவதும், வரப்பு வெட்டி அண்டை கட்டுவதும் நமக்கு மிஞ்சின. சேற்றில் குனிந்து நடுவது பெண்களுக்கு மிஞ்சியது.

மாட்டு ஏருக்காக நாம் ஏங்கவில்லை. அந்த ஏரின் பின்னால் நடந்த கால்கள் நம்முடையவை. முதுகில் பட்ட அடி போனது நல்லதே. ஆனால் சட்டமும் சங்கமும் போராடிப் பெற்றதை இயந்திரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அண்ணல் அம்பேத்கர் வேளாண்மையை அரசுத் தொழிலாக்கச் சொன்னார். சாதி வேறுபாடு இல்லாமல் நிலத்தைக் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விட்டு, கூட்டாகப் பயிரிடவும், தண்ணீர், உழவுமாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றுக்கு அரசே பொறுப்பேற்கவும் சொன்னார். நிலத்தையும் கருவியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. வாடகை டிராக்டருக்கு மானியம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அது உழப்போகும் நிலம் யார் பெயரில் இருக்கிறது?