மலையின் இரு சரிவுகளும் மரபணுச் சான்றும்

ஏறத்தாழ 90 நிமிடங்களில் ஒருவரின் மரபணு அடையாளத்தைக் கண்டறியும் கருவிகள் இன்று புழக்கத்தில் உள்ளன. கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியை உள்ளே வைத்தால் போதும். அமெரிக்கா இதற்கென 2017இல் தனிச் சட்டமே இயற்றியது. இத்தகைய கருவி உள்ளூர்க் காவல் நிலையத்திற்கு வந்துவிட்டால் குற்ற வழக்குகள் விரைந்து தெளிவடையும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், பீர்மேட்டு மலையின் இரு சரிவுகளிலும் நிகழ்ந்த இரு வழக்குகள் வேறொன்றை உணர்த்துகின்றன.

மரபணுச் சான்றின் வரலாறு நிரபராதி ஒருவரின் விடுதலையோடு தொடங்குகிறது. அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் லெஸ்டரில் கண்டறிந்த முறை, முதல் கொலை வழக்கிலேயே, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் குற்றவாளி அல்லர் என மெய்ப்பித்தது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டிக்கப்பட்டார். இந்தியாவில் இம்முறை நீதிமன்றம் ஏறியது கேரளத்தில்தான். தலச்சேரியில் நடந்த தந்தைமை வழக்கொன்றில் ஐதராபாத் ஆய்வகத்தின் லால்ஜி சிங் சாட்சியம் அளித்தார். 1997இல் பிரேமானந்தா வழக்கில் புதுக்கோட்டை நீதிமன்றம் தண்டனை விதித்தபோதும் மரபணு ஆய்வு முக்கியச் சான்றாக விளங்கியது.

கிழக்குச் சரிவின் அடியில், தேனி மாவட்டச் சுருளி அருவிப் பகுதியில், 2011இல் இருவர் கொலையுண்டனர். மரபணுப் பொருத்தம் காட்டப்பட்டு ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் ஆய்வகம் சேர்வதில் ஏற்பட்ட தாமதத்திற்கு விளக்கமில்லை. இடைக்காலத்தில் அவை யார் பொறுப்பில் எவ்வாறு இருந்தன என்பதற்கும் உறுதியான பதிவில்லை. மாதிரிகள் 48 மணி நேரத்திற்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டமும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என அத்தீர்ப்பு நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது.

மலைமீது, பீர்மேடு வட்டத்து வண்டிப்பெரியாறில், 2021இல் தோட்டக் குடியிருப்பொன்றில் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை எனக் கூறிக் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. விசாரணை அதிகாரி நிகழ்விடத்திற்குச் சென்றதே மறுநாள்தான் என்பதையும், அறிவியல் தடயங்களைத் திரட்டுவதில் நேர்ந்த குறைகளையும் தீர்ப்பு கண்டித்தது.

இரு வழக்குகளிலும் குறை, தடயம் ஆய்வகத்தை அடைவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. சேகரிக்கப்படாத தடயத்தை எந்தக் கருவியாலும் ஆராய இயலாது. காவல் அறுபட்ட மாதிரியின் முடிவு 90 நிமிடங்களில் வந்தாலும் 90 நாட்களில் வந்தாலும் ஐயத்திற்குரியதே. தவிர, பலரது மரபணு கலந்த, சிதைந்த மாதிரிகளுக்கு இன்றும் வல்லுநரின் ஆய்வே தேவைப்படுகிறது.

ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் உண்டு. ஆனால் மலைத்தோட்டத்தில் நிகழும் மரணத்திற்கு அத்தகைய அவகாசம் இல்லை. அங்குக் கருவிக்கு முன்னால் சென்று சேர வேண்டியவர், முதல் சில மணி நேரத்திற்குள் தடயத்தை முறையாக எடுத்து, முத்திரையிட்டு, பதிவுசெய்யத் தெரிந்த ஒருவரே. அவர் இல்லாதபோது, ஒரு சரிவில் நிரூபிக்கப்படாத குற்றத்திற்காக ஒருவர் தூக்குக்கயிற்றின் நிழலில் ஆண்டுகளைக் கழிக்கிறார். மறு சரிவில் ஒரு குடும்பம் விடையின்றி நிற்கிறது.