காசு வரட்டும், கிரவுண்டு யார் பேர்ல இருக்கு?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரு வாய்த்தகராறு. எதிரணியில் ஒரு நண்பர், தீவிர செல்சி ரசிகர். வெளியாள் காசு போடாம ஒரு கால்பந்து கிளப் ஜெயிக்க முடியுமா, முடியாதா என்பதுதான் பஞ்சாயத்து.

"பாஸ், எங்க கிளப் லீக் ஜெயிச்சது 1955ல. அப்புறம் 50 வருஷம் ஈ ஓட்டினோம். 2003ல அப்ரமோவிச் 14 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார். 2005ல கப்பு வந்துச்சு. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கு?" என்றார்.

டக்குனு பதில் வரலை. சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சுகிட்டே உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் பதில் தோணுச்சு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

கொசுவத்தியை 1892க்குச் சுத்துவோம். ஊரு லிவர்பூல். ஆன்ஃபீல்டுன்னு சொன்னா இன்னிக்கு எல்லாருக்கும் லிவர்பூல் கிளப்தான் ஞாபகம் வரும். ஆனா 1884லேர்ந்து அங்கே ஆடிக்கிட்டு இருந்தது எவர்ட்டன். 1891ல அவங்க லீக் சாம்பியன் ஆனப்பவும் அதுதான் அவங்க கிரவுண்டு. ஜான் ஹோல்டிங் என்ற பீர் முதலாளிதான் கிளப்புக்குத் தலைவர், கிரவுண்டுக்கு வீட்டுக்காரரும் அவரே. டீம் வளர வளர வாடகையும் வளர்ந்தது. 100 பவுண்டு வாடகை 250 ஆச்சு. நம்ம ஊர் ஹவுஸ் ஓனர்களுக்கு அண்ணன்!

உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். "உன் கிரவுண்டே வேணாம்"னு மூட்டையைக் கட்டிக்கிட்டு பக்கத்துலயே குடிசன் பார்க்கை உருவாக்கிப் போய்ட்டாங்க. ஆண்கள் அணி 2025 வரைக்கும் அங்கேதான் ஆடியது. ஹோல்டிங் கையில் கிரவுண்டு இருக்கு, ஆட டீம் இல்லை. சும்மா கிடக்கிற கிரவுண்டுக்காக ஒரு புது டீமை ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல் கிளப். உலகத்தையே ஆட்டி வைக்கிற கிளப் ஒன்னு வாடகைத் தகராறுல பிறந்திருக்குன்னா பாத்துக்கோங்க.

அடுத்த காட்சி பத்து வருஷம் கழிச்சு, மான்செஸ்டர்ல. ரயில்வே தொழிலாளர்கள் ஆரம்பிச்ச நியூட்டன் ஹீத் கிளப்புக்கு 1902ல் 2,670 பவுண்டு கடன். கோர்ட்டு, மஞ்சக் கடுதாசி வரைக்கும் போயிடுச்சு. நிதி திரட்ட நடத்துன ஒரு பஜார்ல கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டோட நாய் தொலைஞ்சு போய், அதைத் தேடப்போன இடத்துல ஜான் ஹென்றி டேவிஸ் என்ற இன்னொரு பீர் முதலாளியோட பழக்கம் ஏற்பட்டதாக ஒரு கதை உண்டு. நாய் கதை எவ்வளவு நிஜமோ, டேவிஸ் பணம் நிஜம். கடன் அடைஞ்சது. பேரு மான்செஸ்டர் யுனைடெட்னு மாறிச்சு. 1908ல லீக், 1909ல எஃப்.ஏ. கப்.

"பாத்தியா, வெளிக்காசு!"னு நண்பர் குதிப்பார். குதிக்கட்டும். நான் கவனிச்சது வேற. டேவிஸ் பணத்துல பெரும்பங்கு போனது ஆட்டக்காரர்களுக்கு இல்லை, ஒரு கிரவுண்டுக்கு. ரசாயனத் தொழிற்சாலைப் புகைக்கு நடுவுல ஆடிக்கிட்டு இருந்த டீமுக்கு 1910ல ஓல்டு ட்ராஃபோர்டு கிடைச்சது. (முதல் மேட்ச்லயே லிவர்பூல்கிட்ட 4-3னு தோத்தாங்க, அது தனி சோகம்.) டேவிஸ் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டார். யுனைடெட் இன்னும் அங்கேதான் ஆடிக்கிட்டு இருக்கு.

இதே கிளப்பை 2005ல அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிட்டத்தட்ட 79 கோடி பவுண்டுக்கு வாங்கிச்சு. அதுல பெரும்பகுதி கடன். அந்தக் கடன் பாரத்தை கிளப் தலையிலேயே ஏத்தி வைச்சாங்க. 1902ல வெளியாள் வந்து கடனை அடைச்சார். 2005ல வெளியாள் வந்து கடனைக் கொண்டு வந்தாங்க. ரெண்டுக்கும் முதலீடுன்னு ஒரே பேர். கடுப்பான ரசிகர்கள் சிலர் தனியாப் போய் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்னு ஒரு கிளப்பே ஆரம்பிச்சுட்டாங்க.

நண்பர் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும் இல்லையா? அதுக்கு பிளாக்பர்ன் போவோம். சின்ன ஊர். முன்னாடி லீக் ஜெயிச்சது 1914ல. அந்த ஊர்லயே பிறந்து, அந்த டீமையே பாத்து வளர்ந்த ஜாக் வாக்கர், தன்னோட இரும்புக் கம்பெனியை பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு 33 கோடி பவுண்டுக்கு வித்தார். 1991ல கிளப் அவர் கைக்கு வந்தது. டால்க்ளிஷ் மேனேஜர், ஷியரர், சட்டன்னு அள்ளிப் போட்டார். 1995 கடைசி நாள் ஆன்ஃபீல்டுல தோத்தும், அந்தப் பக்கம் யுனைடெட் வெஸ்ட் ஹாம்கிட்ட டிரா செஞ்சதால கப்பு பிளாக்பர்னுக்கு. காசு கப்பை வாங்கித் தருமான்னா, தரும். சந்தேகமே வேணாம். அப்புறம் வந்த செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் அதே பாடத்தைத்தான் பெரிய எழுத்துல எழுதினாங்க.

ஆனா அதே கிளப் 1999ல கீழ் டிவிஷனுக்கு இறங்கிச்சு. வாக்கர் 2000ல இறந்தார். 2010ல கிளப்பை வாங்கினது யார் தெரியுமோ? நம்ம புனே வெங்கீஸ், கோழிக் கம்பெனி. 2012ல பிரீமியர் லீக்லேர்ந்து கீழே போனாங்க. அந்த மேட்ச்ல ரசிகர்கள் ஒரு நிஜக் கோழியை கிரவுண்டுக்குள்ள விட்டு கோபத்தைக் காட்டினாங்க. 2017ல மூணாவது டிவிஷன். வாக்கர் வாங்கின ஆட்டக்காரர்கள் எல்லாம் போய்ட்டாங்க. அவர் இடிச்சுக் கட்டின ஈவுட் பார்க் மைதானம் மட்டும் அங்கேயே நிக்குது.

இப்ப மெயின் பிக்சர். இதைச் சொல்லத்தான் இவ்வளவு டிரெய்லர்.

தெற்கு லண்டன்ல விம்பிள்டன். டென்னிஸ் விம்பிள்டனேதான், ஆனா இது கால்பந்து. 1889ல ஆரம்பிச்ச கிளப். 1977லதான் லீக்குக்குள்ளயே விட்டாங்க. ஒன்பதே வருஷத்துல, 1986ல, முதல் டிவிஷன். 1988 எஃப்.ஏ. கப் ஃபைனல்ல அசைக்க முடியாத லிவர்பூலை 1-0. சான்செஸ் தலையால முட்டின கோல். ஆல்ட்ரிட்ஜ் அடிச்ச பெனால்டியை பீசன்ட் பாய்ஞ்சு தடுத்தார். வெம்பிளி கப் ஃபைனல்ல பெனால்டியை ஒரு கீப்பர் தடுத்தது அதுதான் முதல் தடவை.

கப்பு வந்துச்சு. மூணு வருஷத்துல கிரவுண்டு போச்சு. ப்ளௌ லேன் என்ற அந்தப் பழைய மைதானம் 1989 ஹில்ஸ்பரோ துயரத்துக்கு அப்புறம் வந்த பாதுகாப்பு விதிகளுக்குச் சரிப்பட்டு வராதுன்னு, 1991ல முதலாளி சாம் ஹமாம் டீமை கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துக்கு ஒண்டுக்குடித்தனம் அனுப்பினார். "கொஞ்ச நாள்தான், திரும்பி வந்துடுவோம்"னு ரசிகர்கள் நம்பினாங்க. 1997ல கிளப்பின் பெரும்பங்கு நார்வே பணக்காரர்கள் கைக்குப் போச்சு. 1998ல ப்ளௌ லேன் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு விற்கப்பட்டது. கிளப் இருக்கு, வீடு இல்லை. வீடு இல்லாத கிளப்பை எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம் இல்லையா? 2001ல, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் போறோம்னு அறிவிச்சாங்க.

லீக் நிர்வாகம் முதல்ல முடியாதுன்னுச்சு. அப்பீல், விசாரணைன்னு இழுத்து, கடைசியில மூணு பேர் குழு ஒன்னு 2002 மே 28ந் தேதி தீர்ப்பு சொன்னது. ரெண்டு பேர் போகலாம், ஒருத்தர் கூடாது. அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல ஒரு ஊர்ல இருந்த கிளப் ஒரே ஒரு ஓட்டுல ஊர் மாறிச்சு. 2003ல டீம் கிளம்பிப் போய், 2004ல பேரையும் எம்.கே. டான்ஸ்னு மாத்திக்கிட்டாங்க.

நாமளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? கண்டனப் பதிவு போட்டுட்டு கிரிக்கெட் பாக்கப் போயிருப்போம். அவங்க ரெண்டே நாள்ல கூடி "புதுசா ஆரம்பிப்போம்"னு முடிவு பண்ணாங்க. ஜூன் மாசம் விம்பிள்டன் காமன் பொட்டல்ல ஆள் தேர்வு. யார் வேணா வரலாம். இருநூறுக்கும் மேல வந்து நின்னாங்க. ஜூலை 10, முதல் மேட்ச், சட்டன் யுனைடெட்கிட்ட 4-0னு செம உதை. ஆனா பாக்க வந்த கூட்டம் 4,657 பேர்! லீக்கோட அடிமட்டத்துல ஆடின ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கு அந்த முதல் சீசன்ல சராசரியா மூவாயிரம் பேர் வந்தாங்க. அதே ஆண்டு ரெண்டாவது உயர்ந்த டிவிஷன்ல ஆடின பழைய கிளப்புக்கு அவ்வளவு கூட்டம் வரலை.

அப்புறம் 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை தொடர்ந்து 78 லீக் மேட்ச் தோல்வியே இல்லை. ஒன்பது சீசன்ல அஞ்சு தடவை மேல ஏறி, 2011ல லூட்டனை பெனால்டியில ஜெயிச்சு தொழில்முறை லீக்குக்குள்ள வந்தாங்க. கிளப் ரசிகர் அறக்கட்டளையோட சொத்து. முதலாளின்னு தனியா ஒருத்தர் கிடையாது.

சரி, காசு? இங்கேதான் நானும் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். சொந்த ஊர்ல புது மைதானம் கட்ட எக்கச்சக்கமாத் தேவைப்பட்டது. அதுவரை ஆடிக்கிட்டு இருந்த கிங்ஸ்மெடோ மைதானத்தை வித்தாங்க. வாங்கினது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம நண்பரோட செல்சி! இன்னிக்கு செல்சி பெண்கள் அணி ஆடுறது அங்கேதான். அப்படியும் துண்டு விழுந்தது. பெரிய கையா ஒருத்தரைப் பிடிச்சு கிளப்பைக் கொடுத்துடலாமான்னு சபலம் வராமலா இருந்திருக்கும்? ஆனா ரசிகர்கள் தங்களுக்குள்ளயே கடன் பத்திரம் போட்டு 50 லட்சம் பவுண்டுக்கு மேல திரட்டினாங்க. 2020 நவம்பர் 3, புது ப்ளௌ லேன்ல முதல் மேட்ச். பழைய கிரவுண்டு இருந்த இடத்துலேர்ந்து கூப்பிடு தூரம். கொரோனா காலம், உள்ளே ஒரு ரசிகர்கூட இல்லை. 29 வருஷம் காத்திருந்தவங்க அதை வீட்டுல உட்கார்ந்து பார்த்தாங்க. எழுதும்போதே தொண்டை அடைக்குது.

ஆக வெளிக்காசே ஆகாதுன்னு நான் சொல்ல வரலை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் இதுவரைக்கும் மூணாவது டிவிஷனுக்கு மேல போனதில்லை. 2022ல அதுலேர்ந்து இறங்கி 2025லதான் திரும்ப ஏறினாங்க. சாம்பியன்ஸ் லீக் வேணும்னா ரசிகர் உண்டியல் போதாது. அந்த அளவுல நண்பர் சொன்னது சரி.

ஆனா காசு போடுறவர் என்னிக்காவது போகத்தான் போறார். செத்துப் போகலாம், சலிச்சுப் போகலாம், அரசாங்கமே துரத்தலாம். அன்னிக்கு அவர் கையோட கிரவுண்டும் போகுமா, கிளப் கையில நிக்குமா? எவர்ட்டன் பிழைச்சது உறுப்பினர்கள் வேற மண்ணைத் தேடினதால. பழைய விம்பிள்டன் போனது மண்ணை வித்ததால. நான் இனிமே ஒரு கிளப்புக்குப் பெரும்பணக்காரர் வர்றார்னு செய்தி வந்தா எத்தனை கோடின்னு பாக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பேன்.

திங்கக்கிழமை நண்பர்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு கடைசியா ஒன்னு கேட்டேன். "உங்க ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மண்ணு யாருது?"

"அப்ரமோவிச்சோடது. இப்ப புது ஓனர்ங்களோடது."

இல்லை! எண்பதுகள்ல ரியல் எஸ்டேட்காரர்கள் அந்த இடத்தைப் பிடுங்கப் பார்த்து, கிளப் நடுத்தெருவுக்கு வர இருந்தது. அந்த பயத்துல 1993ல செல்சி பிட்ச் ஓனர்ஸ்னு ஒரு அமைப்பு. ரசிகர்கள் பங்கு வாங்கி, மண்ணோட உரிமையை அதுக்குக் கொண்டு வந்தாங்க. செல்சி என்ற பேரும் அவங்க கட்டுப்பாட்டுல. 2011ல கிளப் நிர்வாகம் அதைத் திரும்ப வாங்கப் பார்த்தது. 75 சதவீத ஓட்டு வேணும், கிடைச்சது 61.6. அப்ரமோவிச் காசாலயும் அந்த மண்ணை வாங்க முடியலை. 2022ல பொருளாதாரத் தடை வந்து அவர் கிளம்பினப்ப கிளப் 250 கோடி பவுண்டுக்குக் கைமாறிச்சு. மண்ணு மட்டும் பழையபடி பங்குதாரர்கள் பேர்லயே.

நண்பர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தப் பங்கு இப்பவும் விக்கறாங்களா பாஸ்?"னு கேட்டார்.

பி.கு: நீங்க எந்த டீமோட ஆளா இருந்தாலும் சரி, உங்க கிரவுண்டு யார் பேர்ல இருக்குன்னு தேடிப் பாத்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் தாராளமா திட்டலாம்.