ஹம்மாமின் ஏடு

நபித்தோழர் அபூஹுரைரா சொல்லச் சொல்ல, யமன் நாட்டு மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதிக்கொண்டார். 138 ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள், அவ்வளவுதான். ஹிஜ்ரி 58 வாக்கில், அதாவது கி.பி. 678-ல், அபூஹுரைரா மறைந்தார். ஏட்டோடு ஊர் திரும்பிய ஹம்மாமுக்கும் வயது ஏறிக்கொண்டே போனது. ஆசிரியர் முன்னால் வாசிக்கப்படாத ஏட்டுக்கு அந்தக் காலத்தில் மதிப்பு கிடையாது. வாசிக்க அவருக்குத் தெம்பு இருக்க வேண்டுமே!

பஸ்ராவிலிருந்து மஅமர் இப்னு ராஷித் வந்து சேர்ந்தபோது, கிழவரின் புருவங்கள் கண்மேல் சரிந்து தொங்கின. ஹம்மாம் வாசிக்கத் தொடங்கினார்; பாதியில் களைத்துப்போனார். மஅமர் ஏட்டை வாங்கி மீதியை வாசித்து முடித்தார். எது அவர் வாசித்தது, எது இவர் வாசித்தது என்பது மஅமரின் மாணவர் அப்துர் ரஸ்ஸாக்குக்கே தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தைக்கூட மறைக்காமல் பதிந்து வைத்தார்கள். இதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் அப்துர் ரஸ்ஸாக்குக்கும் முதுமையில் பார்வை போனது.

நல்லவேளையாக அதற்கு முன்பே பாக்தாதிலிருந்து அஹ்மத் இப்னு ஹன்பல் வந்துவிட்டார். வழியில் காசு தீர்ந்து, ஒட்டகக்காரர்களிடம் கூலி வேலை செய்தாவது யமனின் ஸன்ஆ வந்து சேர்ந்தவர் அவர். ஏட்டை ஏறக்குறைய முழுசாகத் தம் 'முஸ்னத்' என்ற ஹதீஸ் தொகுப்பில் ஓரிடத்திலேயே சேர்த்தார். பிறகு வந்த ஹதீஸ் தொகுப்பாளர்கள் புகாரியும் முஸ்லிமும் தங்களுக்கு வேண்டியதை எடுத்து, தலைப்புவாரியாகப் பிரித்துப் போட்டார்கள். பெரிய நூல்கள் வந்தபின் சின்ன ஏட்டைத் தேடுவார் குறைந்தார்கள்.

1890-ல் ஹங்கேரி அறிஞர் கோல்ட்ஸிஹர் ஒரு குண்டைப் போட்டார்: ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலச் சர்ச்சைகளில் உருவானது என்றார். மறுக்க வேண்டுமானால் புகாரிக்கு முந்திய ஏடு ஒன்று கையில் வேண்டும். எங்கே போவது?

தேடியவரின் பூர்விகம் நம் பக்கம்தான். ஆற்காட்டின் பெயர் தாங்கிய நவாப் அரசில் உயர்பதவி வகித்தவர் முகம்மது கவுஸ் ஷரஃபுல் முல்க்; குர்ஆனின் எழுத்துமுறை பற்றி ஏழு தொகுதி எழுதியவர். அவருடைய கொள்ளுப்பேரன், ஹைதராபாத்தில் 1908-ல் பிறந்த முகம்மது ஹமீதுல்லாஹ். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் 1933-ல் முனைவர் பட்டம் வாங்கியவர், பெர்லின் நூலகத்தில் ஹம்மாமின் ஏட்டுப் பிரதியைக் கண்டார். ஆனால் அது குறைப்பிரதி.

அப்புறம் உலகப்போர். 1948-ல் ஹைதராபாத் சமஸ்தானமும் இல்லாமல் போக, ஹமீதுல்லாஹ் நாடற்றவராகப் பாரிஸில் தங்கிவிட்டார். இரண்டாவது பிரதி கிடைத்தது டமாஸ்கஸின் ளாஹிரிய்யா நூலகத்தில். 1953-ல் டமாஸ்கஸிலேயே அச்சேறியது. முஸ்னத்தோடு ஒப்பிட்டால் சொல்லுக்குச் சொல் ஏறத்தாழ அதுவே. இந்தப் பிரதிகளும் பல நூற்றாண்டு பிந்தியவைதான். எல்லா வாதமும் தீர்ந்தது என்று சொல்வது மிகை. ஆனால் இந்த ஏட்டிலிருந்து எடுத்ததைப் பிற்காலத் தொகுப்பாளர்கள் இட்டுக்கட்டவில்லை என்பது வெளிச்சமாயிற்று.

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்திலும் உமராபாத் தாருஸ்ஸலாமிலும் ஓதப்படும் ஸஹீஹ் முஸ்லிமில் அவ்வப்போது ஒரு வாசகம் தலைகாட்டும்: இது அபூஹுரைரா எங்களுக்கு அறிவித்தது என்று தொடங்கி, அவற்றில் ஒன்று இது என்று முடியும். ஹம்மாமின் ஏட்டிலிருந்து எடுத்ததற்கு முஸ்லிம் வைத்த அடையாளம் அது.