மாற்றல் குடும்பத்துப் பிள்ளைகளும் பல்கலைக் கழக வாயிலும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரெயில்வே குமாஸ்தாவாகிய எனக்குப் பல்கலைக் கழகங்களைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று தயங்கினேன். ஆயினும் வாயிலில் வெகு நேரம் நின்றவன், உள்ளே போகும் வழியை நாலு பேரிடம் விசாரித்து வைத்திருப்பான் அல்லவா? அந்தத் துணிவில் எழுதுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நம் காலனியில் மாலை வேளையில் நால்வர் கூடினால், மாற்றல் உத்தரவுக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு பிள்ளைகளின் மேற்படிப்பே. நம் மக்களில் பெரும்பாலோர் கேந்திரிய வித்யாலயத்தில் பயில்கின்றனர். துபாயிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்க்கும் நம் உறவினர் மக்களோ சர்வதேசப் பள்ளிகளில் பயில்கின்றனர். இரண்டிற்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு என்று நாம் எண்ணுகிறோம். வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். பெற்றோர் ஊர் விட்டு ஊர் மாறும்போது பிள்ளையின் படிப்பு அறுபடக் கூடாது என்பதே அத்தேவை.

துறைமுகக் குமாஸ்தாவின் கடிதம்

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு அமர்ந்தார். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அவரே கணித மேதை இராமானுஜன். கேம்பிரிட்ஜில் தம் கணக்குகளை யார் புரிந்துகொள்வார் என்று அவருக்குச் சொல்ல எந்த அலுவலகமும் இல்லை. அங்குள்ள அறிஞர் இருவருக்கு எழுதிப் பார்த்தார், பயன் விளையவில்லை. ஹார்டி என்பவர் 1910இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று கைக்குக் கிட்டவே, 1913 ஜனவரியில் அவருக்கு எழுதினார். விடை வந்தது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார்.

ஒரு நூல் கைக்குக் கிட்டியதால் திறந்த கதவு அது. கிட்டாதவர் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. இராமானுஜன் கடிதம் எழுதிய அதே 1913இல்தான் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் பல்கலைக் கழகங்களுக்கென ஒரு சங்கம் லண்டனில் அமைந்தது. மறு ஆண்டே அவற்றின் விவரங்களைத் தொகுத்த ஆண்டு நூல் வெளியாயிற்று. பிரயாணிகளுக்குக் கால அட்டவணை எப்படியோ, மாணவர்க்கு அந்நூல் அப்படி. ஆனால் பெரிய நூல்நிலையம் உள்ள ஊரில் வாழ்ந்தவனுக்குத்தான் அது கிட்டிற்று.

ஜினீவா நகரத்துப் பள்ளி

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் ஜினீவா நகரில் நிறுவப்பட்டது. பல நாட்டு உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு அங்கே குடியேறினர். அவர்தம் மக்களுக்காக 1924இல் ஜினீவா சர்வதேசப் பள்ளி தோன்றிற்று. பள்ளி தோன்றியதும் ஒரு தொல்லையும் உடன் தோன்றிற்று. ஒரே வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளில் ஒருவன் பிரெஞ்சுத் தேர்வுக்கும், ஒருவன் சுவிட்சர்லாந்துத் தேர்வுக்கும், ஒருவன் இங்கிலாந்துத் தேர்வுக்கும், மற்றொருவன் அமெரிக்கக் கல்லூரி வாரியத் தேர்வுக்கும் தனித்தனியே தயாராக வேண்டியிருந்தது. அகலப் பாதை, மீட்டர் பாதை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி மாறியவர்களுக்கு அந்தத் தொல்லை சொல்லாமலே விளங்கும்.

இதற்குப் பரிகாரமாக, பல நாட்டுப் பல்கலைக் கழகங்களும் ஏற்கத் தக்க ஒரே தேர்வை வகுத்தனர். அதை நடத்த 1968இல் அந்நகரிலேயே ஒரு நிறுவனம் அமைந்தது. இன்று ‘ஐ.பி.’ என்று வழங்கும் சர்வதேச பக்கலோரியட் அதுவே. இந்தியாவில் அதை முதலில் ஏற்ற பள்ளி நம் கொடைக்கானலில் உள்ளது என்பது பலர் அறியாத செய்தி. கடல் கடந்து வந்த பாதிரிமார்களின் மக்களுக்காக 1901இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி, 1976இல் ஐ.பி. பாடத் திட்டத்தை மேற்கொண்டது.

இதற்கிடையில் நம் நாட்டிலும் அதே நோய்க்கு அதே மருந்து தேடப்பட்டது. மாற்றலுக்கு உரிய மத்திய அரசு ஊழியர் மக்களுக்காக 1963இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கின. அவையே இன்றைய கேந்திரிய வித்யாலயங்கள்.

தாளில் இருந்த வழிகாட்டிகள்

பள்ளிப் படிப்புக்கு வழி பிறந்தது. ஆனால் எந்தப் பல்கலைக் கழகம், என்ன பாடம், எவ்வளவு செலவு என்பதை எங்கே விசாரிப்பது? பிரிட்டிஷ் கவுன்சில் 1948இல் இந்தியாவிற்கு வந்தது. அமெரிக்கப் படிப்பு பற்றிய ஆலோசனைக்கும் உதவிக்கும் வழிவகுத்த இந்திய–அமெரிக்கக் கல்வி நிறுவனம் 1950இல் அமைந்தது. இவற்றின் அலுவலகங்கள் பெருநகரங்களில் இருந்தன. சந்திப்பு நிலையக் காலனியில் வாழ்ந்த பிள்ளை அங்கே போக ஓர் இரவு வண்டியில் கழிய வேண்டும்.

விண்ணப்பிக்கும் முறையும் மெல்ல மெல்ல எளிதாயிற்று. இங்கிலாந்தில் 1961இல், ஒரே விண்ணப்பத்தைப் பல பல்கலைக் கழகங்களுக்கு அனுப்பும் மத்திய அமைப்பு ஏற்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அது பிற அமைப்போடு இணைந்து ‘யூகாஸ்’ ஆயிற்று. அமெரிக்காவில் 1975இல் 15 கல்லூரிகள் கூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை வகுத்தன. அதில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்துள்ளன.

மீண்டும் ஜினீவா

விதியின் விளையாட்டோ என்னவோ, அடுத்த மாறுதலும் ஜினீவா நகரை ஒட்டியே நிகழ்ந்தது. அங்குள்ள ‘செர்ன்’ அணு ஆராய்ச்சிக் கூடத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்–லீ என்பவர் வையவிரிவலைக்கான திட்டத்தை வகுத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அக்கூடம் அதை உலகத்தார் யாவருக்கும் கட்டணமின்றி வழங்கிற்று. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வந்தது. அமெரிக்கப் பொது விண்ணப்பம் 1998இல் இணையத்தில் ஏறிற்று. ஓர் இரவு வண்டியில் சென்று பார்க்க வேண்டியிருந்த புத்தக அலமாரி நம் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

என் வீட்டு அனுபவம்

அலமாரி வந்தது, அதைத் திறக்க வேண்டும் என்ற அறிவு எனக்கு வரவில்லை. என் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆலோசகரிடம் அழைத்துச் சென்றேன். மெத்தை நாற்காலியும் குளிர்ந்த அறையும் கண்டு மயங்கினேன். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, ‘இடம் பிடித்து வைக்க’ நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார். ஐயாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு என் மகள் அக்கல்லூரியின் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்து, “அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்றாள். விண்ணப்பத்திற்குக் கட்டணமே இல்லை. அந்த ஆண்டுக்குரிய கடைசி நாளோ முன் வாரமே முடிந்திருந்தது. முன்பணம் திரும்பவில்லை. விசாரணைச் சாளரத்தில் அமர்ந்து பிறருக்கு வழி சொல்லும் நான், என் வீட்டுப் பிரயாணத்திற்குத் தரகரை நம்பினேன். என் மகள் 2022இல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வை எழுதி, நம் நாட்டு மத்தியப் பல்கலைக் கழகம் ஒன்றிலேயே இப்போது பயில்கிறாள். அந்த விவரங்களையும் அவளே தேடிக்கொண்டாள்.

என் இழப்பு ஐயாயிரத்தோடு போயிற்று. 2011இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிரை–வேலி பல்கலைக் கழகம் என்ற பெயரில் நடந்த மோசடி அம்பலமானபோது, நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றனர். முறையான அங்கீகாரம் இல்லாத கல்வி நிலையம் அது. வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பயன்படுத்தும் முறை

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும், சர்வதேசப் பள்ளியில் பயிலும் உறவினர் மக்களுக்கும் நான் சொல்வது இது.

முதலாவது, அங்கீகாரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறை அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலை இணையத்தில் வைத்துள்ளது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்க உரிமையுள்ள நிலையங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. நம் பல்கலைக் கழக மானியக் குழு போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலையே வெளியிடுகிறது.

இரண்டாவது, பதினோராம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கு முன்பே தகுதி விதிகளைப் பாருங்கள். ஐ.பி. மாணவன் தன் விருப்பப்படி ஆறு பாடங்களைத் தேர்ந்துகொண்டு, பிறகு இந்தியாவில் பொறியியலோ மருத்துவமோ பயில விரும்பினால், தேவையான பாடம் விடுபட்டிருக்கலாம். மேலும் மே மாதத் தேர்வின் முடிவு ஜூலைத் தொடக்கத்தில்தான் வரும். இங்குள்ள சேர்க்கை நாட்களோடு அது பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நாட்களைக் குறித்து வையுங்கள். யூகாஸ் வழியே ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றையே ஓர் ஆண்டில் கேட்க முடியும். அதற்குக் கடைசி நாள் அக்டோபர் நடுவில் வந்துவிடும்.

நான்காவது, செலவைக் கணக்கிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் 2011 முதல் செலவுக் கணிப்புக் கருவியைத் தம் பக்கத்தில் வைக்கக் கடமைப்பட்டுள்ளன. ஆனால் அது பெரும்பாலும் அந்நாட்டு மாணவரை எண்ணி அமைந்தது. அயல்நாட்டார்க்குரிய உதவிப் பக்கத்தைத் தனியே படிக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக் கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் விசா கிடைக்கும். 1925இல் தோன்றிய ஜெர்மன் கல்விப் பரிமாற்றக் கழகத்தின் வலைத்தளத்தில் படிப்புகளின் பட்டியலும் உதவித் தொகை விவரமும் உள்ளன. அமெரிக்க அரசின் ஆதரவில் நடக்கும் ‘எஜுகேஷன் யூ.எஸ்.ஏ.’ ஆலோசனை நிலையங்களின் பக்கத்தையும் காணலாம்.

ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் ஆங்கிலத்தில் உள்ளன என்பதும், வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்பதும் நம்மில் பலருக்குள்ள குறை. நம் சங்க நூல்நிலையத்தில் ஒரு கணினி உள்ளது. ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இப்பக்கங்களைத் திறந்து காட்டலாகாதா? என் மகள் விடுமுறையில் வரும்போது அப்பணியை ஏற்க இசைந்துள்ளாள். அவளோடு அமர இன்னும் ஒருவர் வேண்டும்.

துறைமுகக் குமாஸ்தாவுக்குத் தற்செயலாகக் கிட்டிய வழி, இந்த ரெயில்வே குமாஸ்தாக்களின் மக்களுக்கு முறையாகவே கிட்டட்டும். தரகரிடம் முன்பணம் கொடுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூல்நிலையத்துக்கு வாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!