வலைத்துணி மேலங்கி (விசையுந்து)

வலைத்துணி மேலங்கி என்பது வெப்பமான காலநிலையில் விசையுந்து ஓட்டுவோர் அணியும் காற்றோட்டமுள்ள பாதுகாப்பு உடை ஆகும். கீழே விழும்போது ஏற்படும் உராய்வு, மோதல் ஆகியவற்றிலிருந்து இது உடலைக் காக்கிறது.

தேர்வு

2020 இல் வெளியான ஈ.என். 17092 என்னும் ஐரோப்பியச் சீர்தரத்தில் ஏஏஏ வகுப்பு மிகுந்த பாதுகாப்புடையது. ஏஏ, ஏ ஆகியன அடுத்தடுத்த நிலைகள். வலைத்துணி உடைகள் பல ஏ வகுப்பைச் சேர்ந்தவை. எனவே தரையில் முதலில் படும் தோள், முழங்கைப் பகுதிகளில் அடர்ந்த துணி இருத்தல் நன்று. காப்புத் திண்டுகளில் உள்ள "டி+" குறி, அவை 40 பாகை செல்சியசு வெப்பத்திலும் சோதிக்கப்பட்டதைக் காட்டும். மேலங்கி தளர்வாக இருப்பின் திண்டுகள் விலகிவிடும்.

கடும் வெப்பம்

காற்று தோலைவிட (ஏறத்தாழ 35 பாகை) சூடாக இருக்கையில், வீசும் காற்று உடலைச் சூடாக்கும்; வியர்வை ஆவியாதலே குளிர்ச்சி தரும். அப்போது காற்றோட்டத்தை ஓரளவு குறைத்து, நனைத்த உள்ளாடை அணிந்து, அடிக்கடி நீர் பருகுதல் வேண்டும்.