அரை அங்குலத்தின் வரலாறு

லாரி டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை நாம யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் அதில் மூன்று வேறு காலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

பழையது 10.00-20. லாரிக்காரர்கள் வாயில் 'பத்து இருபது'. அகலம் சுமார் 10 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம். நடுக்கோடு இருந்தால் நைலான் டயர்; அந்த இடத்தில் ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். ரேடியலுக்கு மிச்செலின் 1946-ல் காப்புரிமை வாங்கியது, 1952-ல் லாரிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பிரெஞ்சு வழியாகத்தான் மில்லிமீட்டர் உள்ளே நுழைந்தது. 295/80 ஆர் 22.5 என்பதில் 295 மில்லிமீட்டர் அகலம். 80 என்பது அளவே இல்லை, அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்ற கணக்கு. கடைசியில் மறுபடியும் அங்குலம்! கார்களுக்காவது ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றிவிடலாம் என்று 1975-ல் மிச்செலின் டி.ஆர்.எக்ஸ். என்று ஒன்றை இறக்கிப் பார்த்தது. நிலைக்கவில்லை.

சரி, அந்த .5 எதற்கு? இதுதான் எனக்கு முக்கியமான கதை. டியூப் போட்ட லாரிச் சக்கரம் ஒரே துண்டு கிடையாது. டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு லாக் ரிங். ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது குண்டு மாதிரி பறக்கும். அதில் டயர் மாட்டும் தொழிலாளிகள் நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று அமெரிக்கா விதி போட்டது 1980-ல். நம்ம நெடுஞ்சாலைக் கடைகளில் அந்தக் கூண்டு இன்றும் அபூர்வம்.

டியூப்லெஸ் ரிம் ஒரே துண்டு. டயர் உட்காரும் விளிம்பு 15 டிகிரி சரிவு. அந்தச் சரிவின் அடையாளம்தான் அரை அங்குலம். 20-க்குப் பதில் வந்தது 22.5, வெளிவிட்டம் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் சின்ன வண்டிகளில் இந்த அரையே ஆளைக் கொன்றது. அமெரிக்கப் பிக்கப்களில் 16, 16.5 என்று இரண்டு ரிம்களும் புழங்கின. 16 டயர் 16.5 ரிம்மில் ஏறிவிடும், சரியாக உட்காராது. உட்காரட்டும் என்று இன்னும் கொஞ்சம் காற்றடித்தால் உள்ளே இருக்கும் கம்பி அறுந்து வெடிக்கும். சாவுகள், வழக்குகள் என்று அது நீண்டது.

'பெரிய டயரா போடு, லோடு தாங்கும்' என்பவர்களுக்கும் இந்த எண்களில்தான் பதில் இருக்கிறது. பத்து இருபதைக் கழற்றிப் 11.00 ஆர் 20 மாட்டினால் விட்டம் சுமார் 1054-லிருந்து 1085 மில்லிமீட்டர் ஆகும், கிட்டத்தட்ட 3 சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-ல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ரிம்மும் 7.5 போதாது, 8 அங்குலம் வேண்டும். பின்னால் ஜோடியாக ஓடும் டயர்களுக்கு நடுவில் இடைவெளி குறைந்து, பாரத்தில் பிதுங்கும்போது ஒன்றோடொன்று உரசிச் சூடாகும்.

டயர் தாங்கும்தான். ஆக்ஸில், பட்டை, பிரேக் எல்லாம் பழசு. நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பை 2018-ல் அரசு 11.5 ஆக்கியது. பெரிய டயர் வாங்கிய ரசீதைக் காட்டி அதை 12 ஆக்க முடியாது.