வேலைக்கு ஆள் பிடித்தவரும் வழி சொன்னவரும்

வேலை தேடுவதற்கு இன்று எத்தனையோ வழிகள் உண்டு. அன்று மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்களுக்கு எந்த வழி கைகொடுத்தது? தெரிந்த முகம் ஒன்றுதான்.

ஆரம்பத்தில் இருந்தது சஞ்சிக்கூலி முறை. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பு தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைத் தண்டனை. 1910-இல் அது ஒழிந்தது. ஏற்கெனவே வேரூன்றியிருந்த கங்காணி முறை அதன் பின் ஓங்கி நின்றது.

கங்காணி தோட்டத்திலேயே பாடுபட்ட மனிதர். அனுமதிச் சீட்டோடு சொந்தக் கிராமத்திற்குப் போவார். அங்கே அவர் யாருக்கோ மாமன், யாருக்கோ மச்சான். முன்பின் தெரியாத தரகரை நம்பாத குடும்பம் இவரை நம்பியது. 1907-இல் உருவான குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. ஆவடி முகாம், நாகப்பட்டின முகாம், பிறகு கப்பல், பினாங்கு. சட்டப்படி பயணக் கடன் தொழிலாளி தலையில் இல்லை.

ஆனால் தலைக்காசு என்று ஒன்று இருந்ததே! தம்முடைய ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அன்றன்றைக்குக் கங்காணிக்குக் காசு. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு நஷ்டம். வேறு தோட்டத்திற்கு மாறினாலும் நஷ்டம். வேலை வாங்கித் தந்த உறவுக்காரரே காவல்காரராகவும் ஆனது இப்படித்தான். அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் முதலாளிகள்.

இதைப் புரிந்துகொண்ட ஜனங்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். கங்காணி இல்லாமல் தாங்களே முகாமுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், கப்பல் செலவு அதே நிதியிலிருந்து கிடைத்தது. எந்தத் தோட்டம் நல்லது, எந்தத் துரை கொடுமைக்காரர் என்பதை ஊர் திரும்பியவர்களும் கடிதம் போட்டவர்களும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குத் தலைக்காசு கிடையாது. எல்லா வழிகளிலும் அதிகம் உதவியது இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

1930-இல் ரப்பர் விலை சரிந்து ஆள் எடுப்பு நின்றது. ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-இல் கதவு மீண்டும் திறந்தபோது, உதவி பெற்று வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி இல்லாமல் வந்தவர்களே.

1938 ஜூன் மாதம் இந்திய அரசாங்கம் அந்த உதவிப் பயணத்திற்கே தடை போட்டது. தோட்டக் கூலி பற்றிய தகராறு அதற்கு முக்கியக் காரணம். அதன் பிறகு மலாயாவிலிருந்து அண்ணன் கடிதம் போட்டாலும், ஊரிலிருந்த தம்பிக்கு இலவசக் கப்பல் இல்லை.